என் மச்சானின் அழுகை

இருபத்திரண்டு வருஷம் சினிமாவில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பஞ்சாயத்துக் காட்சியில் தீர்ப்புச் சொல்லுகிற பெரிய நடிகருக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான். அவர் தீர்ப்பைச் சொன்னால் ஆமாம் என்று ஆட்டுவேன். கதாநாயகன் எழுந்து “இது என்னய்யா நியாயம்?” என்று கத்தினால், அதுவும் சரிதானே என்று ஆட்டுவேன். இரண்டும் ஒரே ஆட்டு இல்லை. முதலாவது மேலிருந்து கீழே, மெதுவாக. இரண்டாவது லேசாகப் பக்கவாட்டில், கண்ணை இடுக்கிக்கொண்டு. இந்த வித்தியாசத்தை விளக்கினால் என் மனைவி, “அரிசி களையோணும், கொஞ்சம் நகுந்துக்கங்க” என்பாள்.

இத்தனை வருஷம் முகத்தைக் காட்டியதில் கோயமுத்தூரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். எங்கே பார்த்தோம் என்றுதான் தெரியாது. துடியலூர்ச் சந்தையில் ஒருநாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, எங்க பெரியப்பா பையன் கல்யாணத்துல பந்தி கவனிச்சது நீங்கதானுங்க?” என்றார். நான் தலையை ஆட்டினேன். பழக்கம், வேறென்ன? அப்புறம் பெரியப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் கால் விரலை எடுத்தது, பையன் ஆஸ்திரேலியாவில் வீடு வாங்கியது என்று எல்லாவற்றையும் அரைமணி நேரம் கேட்டுவிட்டு, பெரியப்பாவை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லி வந்தேன். வாங்கப் போன கத்தரிக்காயை மறந்துவிட்டேன்.

என் தலையாட்டலை ஒரு வேலையாக மதித்த ஒரே ஆள் என் மச்சான். என் அக்காவின் புருஷன். பெருந்துறையில் அட்டைப்பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி வைத்திருக்கிறார். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றபோது, என் அப்பா என்னை வீட்டைவிட்டுத் துரத்தத் தயாராக நின்றார். மச்சான்தான் குறுக்கே வந்து, “போய்ட்டு வரட்டுமுங்க மாமா. புடிக்கலீன்னா அவரே திரும்பி வந்துக்குவாரு” என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு எப்போதும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். தெருநாயைக்கூட “அக்கட்டால போங்க” என்று விரட்டுகிற மனுஷர்.

நான் நடித்த படம் வந்தால் கம்பெனி ஆட்கள் பன்னிரண்டு பேரையும் வேனில் ஏற்றித் தியேட்டருக்குக் கூட்டிப்போவார். படம் முடிந்ததும் வாசலில் நின்றபடியே எனக்குப் போன் செய்வார். “மாப்ள, ரெண்டாவது ஆட்டு அருமைங்க. மொத ஆட்டுலதான் கொஞ்சம் அவசரப்பட்டுப்போட்டீங்க.” அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். டைரக்டர்கள்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

இனி, நான் செய்த திருட்டைச் சொல்லிவிடுகிறேன்.

மச்சானின் அப்பா தாராபுரத்தில் இறந்துபோனார். எழவு வீட்டில் கூட்டம் நெட்டித் தள்ளியது. மச்சான் அதுவரை பந்தல்காரரிடமும் ஐஸ் பெட்டிக்காரரிடமும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். தூக்குகிற நேரம் வந்ததும் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றினார். அவர் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்ட வாட்ச் அது. அதைச் சட்டையின் இடது பையில் போட்டார், பையின் பொத்தானை மாட்டினார், பொத்தான் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார், அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார். என்ன அழுகை அது! தொடையில் அறைந்துகொண்டு விக்கி விக்கி அழுகிறார். அழுதுகொண்டே, யாராவது தோளைத் தொட்டால் திரும்பி அவர்களைச் சமாதானப்படுத்துகிறார். “ஒண்ணுமில்லீங்க... ஒண்ணுமில்லீங்க... டீ குடிச்சீங்களா?” அடுத்த ஆள் வந்து தொட்டால் மறுபடியும், “ஒண்ணுமில்லீங்க... டீ குடிச்சீங்களா?” வந்தவர்களைக் கவனிக்காமல் அழுவது மரியாதை இல்லை என்று அவருக்கு எங்கேயோ பதிந்திருக்க வேண்டும்.

நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், சத்தியமாக. பெரியவர் என்னிடம் பிரியமாக இருந்தவர். ஆனால் அழுகிற கண்ணாலேயே வேறு ஒன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பை. பொத்தான். தட்டிப் பார்த்தல். அப்புறம் தொடை. வரிசை மனசில் பதிந்துவிட்டது. சே, என்ன பிறவியடா நீ என்று அங்கேயே என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே இன்னொரு தரம் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்து உடுமலைப் பக்கம் ஒரு தோப்பில் படப்பிடிப்பு. வழக்கம்போல ஐந்து பேரில் மூன்றாவது ஆளாகப் போயிருந்தேன். படத்தில் ஒரு விவசாயிக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிடுகிறது. ஊரே அவர் வீட்டுக்கு வந்து, ஆள் செத்ததுபோலத் துக்கம் கேட்கிறது. அதுதான் காட்சி. விவசாயியாக நடிக்க வேண்டியவர் முதல்நாள்தான் புதுப் பல்செட் மாட்டியிருந்தார். அழ வாயைத் திறந்தால் பல்செட் முன்னால் வந்து விழுந்தது. மூன்று டேக் பார்த்துவிட்டு டைரக்டர் எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, “உங்கள்ல யாருக்கு அழத் தெரியும்?” என்றார். நான் எழுந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு கேள்விக்குத் தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து “எனக்குங்க” என்றேன்.

முதல் டேக் முடிந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். “இது சீரியல் அழுகைங்க. யாரும் பாக்காத மாதிரி ஏதாவது பண்ணுங்க.” எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சாப்பாட்டு வண்டிவேறு வந்துவிட்டது. “ஒரு வாட்ச் குடுங்க” என்றேன்.

அவ்வளவுதான். எரிந்த மோட்டாரை நடு முற்றத்தில் கிடத்தி, மாலை போட்டு, தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். நான் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, தொடையில் அறைந்து அழுதேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம், “ஒண்ணுமில்லீங்க... டீ குடிச்சீங்களா?” என்றேன். கேமராமேன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியதில் ஃபிரேமே ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று அதையே ஓகே செய்துவிட்டார்கள். யூனிட்டே கைதட்டியது. நான் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். மச்சானின் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், முட்டாப்பயல்.

படம் வந்து ஓடு ஓடென்று ஓடியது. என் அழுகை அதைவிட வேகமாக ஓடியது. கிரிக்கெட்டில் தோற்றால் வாட்ஸ்அப்பில் என் முகம். பரீட்சையில் போனால் என் முகம். பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டால் என் முகம், கீழே ‘ஒண்ணுமில்லீங்க’ என்று எழுதி. டீக்கடைகளில் என் படத்தை ஒட்டி ‘டீ குடிச்சீங்களா?’ என்று பலகை வைத்தார்கள். அதன் பிறகு வந்த படங்களில் தக்காளி விலைக்கு அழுதேன், லாரி பஞ்சர் ஆனதற்கு அழுதேன், கோயில் வாசலில் செருப்பு காணாமல் போனதற்கு அழுதேன். ஒரு குக்கர் விளம்பரத்தில், விசில் வராததற்கு அழுது, வந்ததும் ஆனந்தத்தில் அழுதேன். அசிஸ்டென்ட் டைரக்டர்கள் எனக்கென்று தனியாக மூன்று வாட்ச் வைத்திருந்தார்கள். கேரவனில் பாதி எனக்குக் கொடுத்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நாய் நடிகர் இருந்தது.

மச்சான் அந்த மோட்டார் படத்துக்கும் பன்னிரண்டு பேரையும் வேனில் கூட்டிப்போயிருந்தார். அன்றைக்குத்தான் போன் வரவில்லை. டவர் இல்லையோ என்னவோ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் அக்காவிடமிருந்து வந்தது.

“எங்க மாமனாரு எழவுல நீ அழுதியாடா, இல்லை படம் புடிச்சிட்டு இருந்தியா?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“மோட்டாருக்கு அழுகறயாமா மோட்டாருக்கு! இனிமே என் வாசப்படி மிதிக்காத” என்று வைத்துவிட்டாள்.

அதன் பின் நான்கு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அங்கே நடந்ததெல்லாம் மற்ற சொந்தங்கள் வழியாகத்தான் எனக்கு வந்தது. மச்சான் விஜயமங்கலத்தில் ஒரு எழவுக்குப் போயிருக்கிறார். இறந்தவர் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர். பழக்க தோஷத்தில் வாட்ச்சைக் கழற்றியிருக்கிறார். பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்திருக்கிறார்கள். பையைத் தட்டிப் பார்த்ததும் பின்னால் இன்னும் நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்காரரே இவரைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏனுங்க, சினிமாக்காரரு மாதிரி செஞ்சு காட்டறதுக்கு இதுங்களா எடம்?” என்று கேட்டுவிட்டாராம்.

கேட்டீர்களா அநியாயத்தை? திருடியவன் நான். காப்பியடிக்கிறார் என்ற பேர் அவருக்கு!

அன்றோடு மச்சான் வாட்ச் கட்டுவதை விட்டுவிட்டார். எழவுகளுக்குப் போவதையும் விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். எழவுக்குப் போகாதவனை மனுஷனாகவே சேர்க்கமாட்டார்கள். அக்காதான் தனியாகப் போய், “அவருக்கு முட்டிவலிங்க” என்று சொல்லி வந்திருக்கிறாள். நான்கு வருஷமாக ஒரே முட்டிவலி. யாராவது வீட்டுக்கு வந்தால், டீ குடித்தீர்களா என்று கேட்கக்கூட அவருக்குப் பயமாம். சைகையில் கேட்பாராம். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கால்ஷீட். பூனை காணாமல் போனதற்கு அழவேண்டும். போய் அழுதேன்.

அப்புறம்தான் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். என் மனைவி கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மணவறையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டும். அக்காவுக்கு நான் ஒருத்தன்தான் தம்பி. வேறு வழி இருந்திருந்தால் அவள் படியேறியிருக்கமாட்டாள்.

“பட்டம் கட்ட வந்துரு. ஆனா ஒண்ணு” என்றாள். “புள்ளைய வண்டியேத்தி அனுப்பறப்ப அவரு அழுவாரு. அடக்கிப் பாத்தாலும் அவரால முடியாது. அந்நேரத்துக்கு ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. அத நீ பாத்துக்கோணும்.”

“ஆயிரம் பேரு வருவாங்களேக்கா, நான் எப்படி...?”

“எப்படியோ. எடுத்தது நீதானே? நீயே கொண்டாந்து வெய்யி.”

எதைக் கொண்டுபோய் வைப்பது? செம்பா, குடமா? ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் உதித்த யோசனையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மச்சானுக்கு வேறு மாதிரி அழச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன்.

நான்கு வருஷம் கழித்துப் பார்க்கிறார். அட்டைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, “வாங்க மாப்ள, டீ குடிச்—” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பெட்டி மடிக்கிற மிஷின் மட்டும் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கட்டை விரலை வாய்ப்பக்கம் காட்டி, குடித்தீர்களா என்று சைகையில் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். “செய்லாமுங்க. எங்கப்பாவுக்கு அழுத மாதிரியேதான் பொண்ணுக்கும் அழுகோணும்னு ஒண்ணும் சட்டமில்லையே” என்றார். குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுவது, மேலே பார்த்துக்கொண்டு மூச்சை இழுப்பது, உதட்டைக் கடித்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்குவது என்று நாலைந்து வகை செய்து காட்டினேன். அவர் டெலிவரி சலானின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். மேலே பார்த்தபோது ஓட்டில் ஒழுகல் இருப்பதைக் கண்டுபிடித்தார். தோளைக் குலுக்கியபோது குளிர் ஜுரம் வந்தவர் மாதிரி இருந்தது. கடைசியில், துண்டைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பதுதான் வசதி என்று முடிவாயிற்று. “எத்தனை எண்ணற வரைக்கும் பொத்தோணுமுங்க மாப்ள?” என்று கேட்டார். முப்பது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் நான் கால் வைத்ததுமே செல்போன்கள் தூக்கிக்கொண்டன. ஒருவர் தன் வாட்ச்சைக் கழற்றி என்னிடம் நீட்டி, “அண்ணா, ஒருக்கா கட்டிக் கழட்டுங்கண்ணா” என்றார். எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு மணவறை ஏறிப் பட்டம் கட்டினேன். அக்கா மகள் தலை குனிந்து, “மாமா, அப்பாவப் பாத்துக்குங்க” என்று கிசுகிசுத்தாள். அவளுக்கும் அதே கவலை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்க வேண்டிய கவலையா இது?

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. முகூர்த்தம் முடிந்ததும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடமிருந்து மைக்கை வாங்கினேன். “எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு உண்மையச் சொல்லோணும். படத்துல நான் அழுத அழுகை என்னுது இல்லீங்க. எங்க மச்சானுது. அவங்கப்பா எழவுல பாத்துத் திருடுனேனுங்க” என்றேன்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. “நெசமாத்தானுங்க சொல்றேன்!” என்று கத்தினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். “சிரிக்காதீங்க, இது பாவமுங்க!” என்றேன். டிரம்ஸ்காரர் என் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு டிஷ் போட ஆரம்பித்தார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குத்தான் பெரிய கைதட்டல். மச்சான் பந்தி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தது. வாசலில் பூ சுற்றிய கார். கூட்டம் இரண்டு பக்கமும் நின்றது. மகள் காலில் விழுந்தாள். மச்சான் தூக்கி நிறுத்தினார். உடனே தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அடிபிசகாமல் செய்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். பதினாறோ பதினேழோ இருக்கும், துண்டு கீழே இறங்கியது. வலது கை இடது மணிக்கட்டுக்குப் போனது. அங்கே வாட்ச் இல்லை. நான்கு வருஷமாக இல்லை. ஆனாலும் விரல்கள் இல்லாத வாரை அவிழ்த்தன. இல்லாத வாட்ச்சை இடது பையில் போட்டன. பொத்தானை மாட்டின. தட்டிப் பார்த்தன.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. செல்போன்கள் எழுந்தன. மச்சான் உதட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் நடுங்குகிறது, அழுகை வெளியே வரவில்லை. அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

“மாப்ள,” என்றார், “அழுதுக்கட்டுங்களா?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு என் பேச்சுக்குக்கூட அவ்வளவு சிரிக்கவில்லை. எனக்கென்று சொந்தமாகத் தெரிந்தது ஒன்றுதான். மேலிருந்து கீழே, அவசரப்படாமல், தலையை ஆட்டினேன்.

மச்சான் திரும்பி மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். தொடையில் அறைந்துகொண்டு, விக்கி விக்கி, தாராபுரத்தில் அழுத அதே அழுகை. மாப்பிள்ளைப் பையன் பதறிப்போய்த் தோளைத் தொட்டான். “ஒண்ணுமில்லீங்க... ஒண்ணுமில்லீங்க... டீ குடிச்சீங்களா?” கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா மட்டும் சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் என் முதுகில் தட்டினார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலும் நீர்.

“மச்சானுக்கு நல்லா டிரெயினிங் குடுத்திருக்கீங்கண்ணா. அப்படியே உங்கள மாதிரியே செய்யறாருங்க!”

என் தலை ஆமாம் என்று ஆடியது. அக்கா பார்த்துவிட்டாள்.